காற்றின் சூடும் எஞ்சினின் தட்டலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

என் தந்தையார் சைக்கிள் கடை வைத்திருப்பவர். சிறுவயதில் காற்றடிக்கும் பம்ப்பின் அடிப்பாகத்தைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். உராய்வால் வந்த சூடு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். வெப்பமாற்றீடற்ற நிகழ்வைப் பற்றிய பாடத்தைக் கேட்ட பிறகுதான், அமுக்கப்படும் காற்றே சூடேறுகிறது என்பது விளங்கிற்று. தேர்வுக்காக நாம் உருப்போடும் அந்தச் சமன்பாடு கார் எஞ்சினில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

சூப்பர்சார்ஜரும் ஒரு பம்ப்தான். உருளைக்குள் காற்றை அதிகமாகத் திணித்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் அதிகமாக எரியும், திறன் கூடும். ஆனால் தீப்பொறியில் தோன்றிய சுடர் உருளை முழுவதும் பரவச் சிறிது நேரமாகும். அதற்குள், மூலையில் எரியாமல் எஞ்சிய கலவை, விரியும் வாயுவால் நெருக்குண்டு மேலும் சூடேறுகிறது. சுடர் வந்து சேருமுன் அது தானாகவே பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் எழுந்து சுவரில் மோதுகின்றன. 'டக் டக்' என்று கேட்கும் அதுவே தட்டல். கடுமையாக நீடித்தால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டையே விழுந்துவிடும்.

அழுத்தம் கூடியதுதான் காரணம் என்று பலர் நினைக்கின்றனர். அதற்கும் பங்குண்டு. ஆனால் வெப்பநிலை ஏற ஏற வேதிவினையின் வேகம் பாய்ச்சலாக உயர்கிறது என்பதை வேதியியல் மாணவர்கள் அறிவர்.

ஒரு கணக்குப் போட்டேன். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ், அதாவது 303 கெல்வின். அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால் குறையற்ற சூப்பர்சார்ஜரில் அது 67 டிகிரியாகும். பயனுறுதிறன் 60 விழுக்காடே என்றால் 92 டிகிரி. இனி, உருளையில் ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கும்போது தனிவெப்பநிலை சுமார் 2.4 மடங்காகிறது. 303 கெல்வின் 730 ஆகும். 365 கெல்வினோ ஏறத்தாழ 880. வாசலில் 62 டிகிரியாக இருந்த வேறுபாடு உள்ளே 150 ஆகிவிட்டது! (சுவர் வழியே வெப்பம் போவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் உண்மையில் சற்றுக் குறையும்.)

அதனால்தான் இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானை இடையில் வைக்கின்றனர். 92 டிகிரிக் காற்றை 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அமுக்கத்தின் முடிவில் சுமார் 100 டிகிரி குறைகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. எனவே திறனும் கூடுகிறது. தீப்பொறியைத் தாமதப்படுத்தியும் தட்டலைத் தவிர்க்கலாம். ஆனால் அதற்கு விலையாகத் திறனை இழக்க வேண்டும்.

1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் வெளியிட்ட ஜெட்ஃபயர் கார் வேறொரு வழியைக் கையாண்டது. புகைவாயுவால் சுழலும் சூப்பர்சார்ஜரான டர்போசார்ஜர் அதில் இருந்தது, இன்டர்கூலர் இல்லை. அமுக்கவிகிதமோ 10.25. எனவே காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றோடு தெளித்தனர். ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி வேண்டுமல்லவா? அந்த வெப்பம் கலவையிலிருந்தே எடுக்கப்படுகிறது. அருமையான யோசனை. ஆனால் உரிமையாளர்கள் பலர் தொட்டியை நிரப்ப மறந்தனர். திரவம் தீர்ந்தால் காற்றழுத்தத்தைக் குறைத்து எஞ்சினைக் காக்கும் ஏற்பாடு இருந்தது. வண்டியின் வேகம்தான் போயிற்று. 1963-உடன் அதன் உற்பத்தி நின்றது.

என் கணக்கில் வெளிக்காற்றை 30-க்குப் பதில் கோடை நண்பகலின் 42 டிகிரியாக வைத்துப் பாருங்கள். இன்டர்கூலர் இல்லாவிட்டால், அந்த 12 டிகிரி உருளைக்குள் 35 டிகிரியாகும். காலையில் சத்தமின்றி ஓடிய எஞ்சின் நண்பகலில் தட்டுவதற்கு அதுவே போதும்.