தோற்றுவாய்: காகித இலைகளின் பூர்வோத்தரம்

*பாஸ்டன் நகரில் வசிக்கும் என் மகள், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் குழந்தைகளை எடுத்த புகைப்படங்களை ஒரு பெரிய ஆல்பத்தில் ஒட்டி, சுற்றிலும் காகிதத்தில் வெட்டிய மேப்பிள் இலைகளும் ஓக் இலைகளும் பூசணிக்காய்களும் பதித்து அனுப்புகிறாள். இந்தப் பழக்கம் எங்கே தோன்றியது?*
— ஒரு வாசகி, கும்பகோணம்

தங்கள் குமாரத்தியின் ஆல்பத்தில் மூன்று தனித்தனிப் பரம்பரைகள் கலந்திருக்கின்றன. கண்டதையும் படித்ததையும் ஓர் ஏட்டில் சேகரித்து வைப்பது ஒன்று. அச்சிட்ட சித்திரத்தை அதன் உருவரையை ஒட்டி வெட்டி விற்பது மற்றொன்று. உதிரப்போகும் இலையின்மீது வட அமெரிக்கர்களுக்கு, விசேஷமாக நியூ இங்கிலாந்து வாசிகளுக்கு, உண்டான மோகம் மூன்றாவது. பின்னிரண்டையும் பற்றி வேறு வாசகர்கள் கேட்டிருப்பதால், இங்கே முதலாவதை மட்டும் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் கற்றவர்கள், தாம் வாசித்த நூல்களிலிருந்து மனத்துக்கு உகந்த பகுதிகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். அப்படி எழுதியதை வேண்டும்போது தேடி எடுப்பதற்கு ஒரு பொருளடைவு முறையை வகுத்துக் கொடுத்தவர் ஜான் லாக் என்னும் தத்துவ ஞானி. அது அவர் காலமான பிறகு, 1706-இல் ஆங்கிலத்தில் தனி நூலாக வெளிவந்தது. எழுதி வைத்தவர்கள் ஒட்டி வைக்கவும் தலைப்பட்டதற்கு, அச்சு மலிந்ததே காரணம் என்றாலும், அதை ஒரு வெறியாகவே மாற்றிய பெருமை 1769-இல் வெளிவந்த ஒரு சரித்திர நூலைச் சாரும். ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார், இங்கிலாந்தின் பிரசித்த புருஷர்களின் வரலாற்றை, அவர்களுடைய உருவப்படங்கள் இன்னின்னவை என்ற ஜாபிதாவோடு எழுதி வெளியிட, அதை வாங்கிய தனவந்தர்கள் அந்தப் படங்களைத் தேடிப் பிடித்து, வேண்டுமானால் வேறு புத்தகங்களிலிருந்து கிழித்தெடுத்தும், தம் பிரதியில் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு நூலை அலங்கரிப்பதற்காகப் பல நூல்கள் அங்கஹீனம் செய்யப்பட்டன. பழி முழுவதும் பாதிரியார் பெயரிலேயே நின்றுவிட்டது. அவர் கொடுத்தது ஜாபிதா மாத்திரமே என்பதை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இந்த விநோதம் பிரபுக்களின் நூலகத்தை விட்டு நடுத்தரக் குடும்பங்களின் மேஜைக்கு இறங்கி வந்தது. அது எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு மார்க் ட்வெயினே சாட்சி. பசைக் கிண்ணத்தோடும் தூரிகையோடும் மாரடிக்கும் தொல்லையை ஒழிக்க எண்ணி, பக்கங்களில் முன்கூட்டியே கோந்து பூசிக் காயவைத்த ஒட்டுப் புத்தகம் ஒன்றுக்கு அவர் 1873-இல் காப்புரிமை பெற்றார். தண்ணீரால் ஈரப்படுத்தி, துண்டை வைத்து அழுத்தினால் போதும். எழுத்துகளே இல்லாத இந்தப் புத்தகம் நன்றாக விற்றது.

*பூ, இலை, பறவை என்று வடிவம் வடிவமாக வெட்டி வைத்த ‘டை கட்’ காகிதங்கள் யாருடைய கண்டுபிடிப்பு?*
— ஒரு வாசகர், மதுரை

ஒருவருடையது அன்று, மூன்று தொழில்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கைமாற்றிக் கொடுத்தவை.

கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராபியை ஜெர்மனியில் செனஃபெல்டர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டார். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கல்லாக வைத்துப் பலவர்ணப் படத்தைத் தாளில் இறக்கும் முறைக்கு, அல்ஸாஸ் பிரதேசத்து மூலூஸ் நகரில் எங்கல்மான் 1837-இல் காப்புரிமை பெற்றார். இவ்வண்ணக் கல்லச்சில் அடித்த தாளின்மேல் ஜெலட்டினும் பிசினும் பூசிப் பளபளப்பேற்றி, அச்சுக்கட்டையால் அழுத்திப் புடைப்பு உண்டாக்கி, பிறகு எஃகு விளிம்புள்ள வெட்டச்சால் உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுத் தாளை நீக்கிவிட்டால், ரோஜாவோ குருவியோ தேவதையோ தனித்து எழுந்து நிற்கும். ஒரு தாளில் உள்ள உருவங்கள் சிதறிவிடாதபடி, ஏணிப் படிகளைப் போன்ற மெல்லிய காகித நாடாக்களால் அவற்றை இணைத்து, அந்த நாடாவிலேயே கம்பெனியின் பெயரையும் அச்சிட்டு விடுவார்கள். விற்பனையாளன் விளம்பரத்துக்காக வைத்த அந்த நாடாவைக் கொண்டுதான் இன்றைய சேகரிப்பாளர்கள் ஒரு துண்டின் பிறப்பிடத்தை நிச்சயிக்கிறார்கள். வாங்கிய குழந்தைகளோ அதை முதலில் கத்தரித்து எறிந்தார்கள்.

பெர்லின் நகரம் இத்தொழிலுக்குத் தலைமை ஸ்தானமாக விளங்கியது. லண்டனில் 1866-இல் ஒரு சிறு படக்கடை திறந்த ரஃபேல் டக், பிரஷ்யாவிலிருந்து குடியேறியவர். அவருடைய குடும்பக் கம்பெனி பிற்காலத்தில் விக்டோரியா மகாராணியின் அரண்மனை ஆதரவைப் பெறுமளவுக்கு வளர்ந்தது.

வெட்டச்சு என்னும் கருவி காகிதத்துக்காகப் பிறந்ததன்று. செருப்புத் தைப்பவர்கள் அடித்தோலை ஒரே அளவாக வெட்டுவதற்கு, வேண்டிய வடிவத்தில் வளைத்த இரும்புப் பட்டையின் விளிம்பைத் தீட்டிக்கொண்டு, தோலின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தார்கள். அட்டைப்பெட்டித் தொழிலுக்கு அது வந்த கதை சுவையானது. நியூயார்க்கில் காகிதப் பைகள் செய்துவந்த ராபர்ட் கேர் என்பவருடைய இயந்திரத்தில், 1879-இல், மடிப்புக் கோடு இடவேண்டிய உலோகப் பட்டை ஒன்று சற்றே இடம் பெயர்ந்து தாளை வெட்டிவிட்டது. கெட்டுப்போன பைகளைப் பார்த்து வேறொருவர் வேலையாளை வைதிருப்பார். கேரோ, மடிப்பதும் வெட்டுவதும் ஒரே அழுத்தத்தில் முடியுமே என்று யோசித்தார். நம்முடைய சிவகாசியில் கல்யாணப் பத்திரிகைக்கும் இனிப்புப் பெட்டிக்கும் ‘டை கட்டிங்’ என்று செய்வது இவ்வழி வந்ததே.

வீட்டு மேஜைக்கு இவ்வச்சு வந்தது மிக அண்மையில். கலிபோர்னியாவில் 1977-இல் தோன்றிய எல்லிசன் என்னும் கம்பெனி, பள்ளிக்கூட அறிவிப்புப் பலகைகளுக்கு எழுத்துகளைக் கத்தரித்துக் களைத்துப்போன ஆசிரியைகளுக்காகக் கைப்பிடி இயந்திரம் ஒன்றைச் செய்தது. அதன் சிறிய வாரிசாகிய ‘சிஸிக்ஸ்’ 2001-இல் வெளிவந்தது. தகட்டச்சையும் தாளையும் இரு பலகைகளுக்கு நடுவே வைத்து, உருளைகளுக்கு இடையே கைப்பிடியைச் சுற்றி அனுப்பினால், நரம்பு உட்பட ஓக் இலை வந்து விழும்.

*வசந்தத்துக்கு என்ன குறை? ஏன் எல்லாரும் இலையுதிர் காலத்தையே இப்படி ஒட்டி மகிழ்கிறார்கள்?*
— ஒரு மாணவி, சேலம்

நம் நாட்டில் இருந்துகொண்டு கேட்பதால்தான் இக்கேள்வி பிறக்கிறது. பழுத்த இலை நமக்கு முற்றத்தைப் பெருக்கும் வேலையே ஒழியத் திருவிழா அன்று. நியூ இங்கிலாந்தில் நிலைமை வேறு. பகற்பொழுது குறுகி, இரவில் குளிர் ஏறத் தொடங்கியதும், மரம் தன் இலைகளிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலிருந்து தேறும் சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் அப்போது புதிதாக வருவதன்று; கோடை முழுவதும் பச்சைக்குள் மறைந்திருந்தது வெளிப்படுகிறது. சிவப்போ, சாகும் தறுவாயில் இலை தானே புதிதாகச் சமைப்பது. காம்படியில் உண்டாகும் தடுப்பினால் வெளியேற வழியின்றி இலையிலேயே தங்கும் சர்க்கரையும், வெயில் மிகுந்த பகலும், உறைபனிக்குச் சற்று மேலே நிற்கும் இரவும் அதற்குத் துணைபுரிகின்றன. ஐரோப்பியக் காடுகள் பெரும்பாலும் மஞ்சளோடு நின்றுவிட, கிழக்கு அமெரிக்காவின் மேப்பிள்களும் ஓக்குகளும் செந்தழலாகப் பற்றி எரிவதைக் கண்டு, அங்கே போன ஆங்கிலேயர்கள் திகைத்தார்கள். அவர்களுடைய கவிதை அவர்களை அதற்குத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை.

இந்தச் செல்வம் மூன்று வாரங்களுக்குமேல் நில்லாது என்பதே இங்கு முக்கியம். பறித்துப் புத்தகத்தில் வைத்தால் வடிவம் நிற்கும், வர்ணம் நிற்காது. வெளிச்சமும் காற்றும் சிவப்பை அழிக்க, கடைசியில் தோல் பதனிடும் துவர்ப்பொருளின் பழுப்பே மிஞ்சும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்மணிகள் இதை ஒப்புக்கொள்ளாமல், இலையின்மேல் மெழுகைத் தேய்த்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்டிப் பார்த்தார்கள். பளபளப்பு வந்தது, ஆயுள் சில மாதங்கள் நீண்டது. மெய்யிலையைக் காக்க முடியாமற் போனதனால்தான் காகித இலைக்கு வாழ்வு கிடைத்தது என்பது என் துணிபு.

அதற்கு ஒரு சான்று தருகிறேன். பாஸ்டனுக்கு அருகில் வாழ்ந்த எழுத்தாளராகிய ஹென்றி டேவிட் தோரோ 1862-ஆம் ஆண்டு மே மாதத்தில் இறந்தார். ‘இலையுதிர்கால வர்ணங்கள்’ என்ற பொருளில் அவர் எழுதிய கட்டுரை அவ்வாண்டு அக்டோபரில் ‘அட்லாண்டிக்’ மாதப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஒவ்வொரு மரமும், செடியும், புல்லும் பசுமையிலிருந்து பழுப்புக்குப் போகும் வழியில் தன் உச்ச வர்ணத்தை அடையும் தினத்தில் ஓர் இலையை எடுத்து, அதன் உருவரையை வரைந்து, நிறத்தையும் பிசகாமல் வர்ணத்தால் தீட்டி, அவற்றையெல்லாம் ஒரு புத்தகமாக்கினால், எந்நேரமும் பக்கங்களைப் புரட்டி அக்டோபர் வனத்தில் உலாவலாமே என்று அதில் ஆசைப்படுகிறார். மெய்யிலைகளையே நிறம் மாறாமல் வைக்க முடிந்தால் இன்னும் சிலாக்கியம் என்றும் ஏங்குகிறார். அந்தப் புத்தகத்தை அவர் செய்து முடிக்கவில்லை. ஆனால் அதே பாஸ்டன் வட்டாரத்தில், பிரெஸ்லாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய லூயி ப்ராங் என்ற அச்சுக்காரர், அந்த 1860-களிலேயே, வண்ணக் கல்லச்சில் அடித்த இலையுதிர்கால இலைகளை ஆல்பத்தில் ஒட்டுவதற்கென்றே சிறு அட்டைகளாகத் தொகுதி தொகுதியாக விற்றுவந்தார். ஞானி கண்ட கனவும் வியாபாரி கண்ட லாபமும் இவ்வளவு நெருங்கி வசித்ததை அவ்விருவரில் எவரும் கவனித்ததாகத் தோன்றவில்லை.

*‘மிக்ஸட் மீடியா’ என்று சாக்குத் துணி, பொத்தான், மெய்யான சருகு எல்லாவற்றையும் ஒட்டுகிறார்களே, இது பிக்காஸோ தொடங்கியதுதானா?*
— ஓர் ஓவிய ஆசிரியர், புதுச்சேரி

கலைச் சரித்திர நூல்கள் அப்படித்தான் சொல்லும். 1912-இல் பிக்காஸோ, பிரம்பு பின்னல் போல அச்சிட்ட மெழுகுத் துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். அதே ஆண்டில் பிராக் என்ற ஓவியர், மரக்கோடுகள் அச்சிட்ட சுவர்க் காகிதத்தை வெட்டி ஒட்டினார். ஓவியர்கள் செய்ததனால் அது புரட்சியாயிற்று. ஆனால் அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்னரே, சித்திரக் கலாசாலை எதற்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு மூதாட்டி அதைச் செய்துவிட்டார்.

மேரி டிலேனி 1700-இல் பிறந்தவர். இரு முறை விதவையானவர். 1772 வாக்கில், எழுபதைக் கடந்த பிராயத்தில், தம் தோழியாகிய போர்ட்லண்ட் சீமாட்டியின் பல்ஸ்ட்ரோட் மாளிகையில் தங்கியிருந்தபோது, மேஜையில் கிடந்த ஒரு சிவப்புத் தாளின் நிறமும் அருகிலிருந்த ஜெரேனியப் பூவிதழின் நிறமும் ஒத்திருப்பதைக் கண்டு, கத்தரியை எடுத்தார். உள்ளே வந்த சீமாட்டி, மெய்ப்பூவைப் பிய்த்துப் போட்டிருப்பதாகவே எண்ணினாராம். அன்று தொட்டுப் பார்வை மங்கும்வரை சுமார் பத்து ஆண்டுகளில், கறுப்புப் பூசிய தாளின்மேல் இதழும் மகரந்தமும் நரம்பும் தனித்தனித் துண்டுகளாக ஒட்டி, ஏறக்குறைய ஆயிரம் தாவரங்களைச் சமைத்தார். தாவர சாஸ்திரிகள் பிழை காண முடியாத அந்த ஏடுகள் இப்போது பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில், காகித இலைகளின் நடுவே மெய்யான இலை ஒன்றையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார். எது மெய், எது காகிதம் என்று உடனே சொல்வது கடினம். தங்கள் மாணவர்களுக்குப் பிக்காஸோவுக்கு முன்னால் இந்த அம்மையாரைக் காட்டுவது உத்தமம் என்று நினைக்கிறேன்.

நம்மவர்களும் இதற்குப் புறம்பானவர்கள் அல்லர். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் ஜெர்மானிய இயந்திரங்களைக் கொண்டு நிறுவிய அச்சகத்திலிருந்து வந்த லக்ஷ்மிக்கும் ஸரஸ்வதிக்கும், மெய்யான துணியை வெட்டிப் புடவையாக ஒட்டி, ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்துக் கண்ணாடி போட்டு மாட்டிய வீடுகள் பல. தெய்வத்துக்குச் செய்ததால் அதை யாரும் கலைப் புரட்சி என்று கருதவில்லை.

*மறைந்துபோன இந்த வழக்கம் இப்போது எப்படித் திடீரென்று தலையெடுத்தது?*
— ஒரு வாசகர், சென்னை

முழுவதும் மறையவில்லை, தேய்ந்திருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், வம்சாவளியைப் பதிந்து வைப்பதை மதக் கடமையாகவே கருதும் மார்மன் சமூகத்தைச் சேர்ந்த மாரிலன் கிறிஸ்டென்ஸன் என்ற பெண்மணி, தம் குடும்பம் தொகுத்த ஐம்பது ஆல்பங்களை 1980-இல் சால்ட் லேக் நகரில் கூடிய ஓர் உலக ஆவண மாநாட்டில் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டு கடை திறந்தார். அதிலிருந்து ஒரு பெருந்தொழிலே கிளைத்தது.

*கடையில் விற்கும் பசை விலை அதிகம். காகித இலைகளையும் சருகையும் ஒட்ட வீட்டு மைதாப் பசை போதாதா?*
— ஒரு வாசகி, ஈரோடு

பசையில் குற்றமில்லை, ஆவணக் காப்பகங்களில் பழைய ஏடுகளைச் செப்பனிடுகிறவர்கள் இன்றும் நம்புவது கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சிய பசையையே. ஆனால் அவர்கள் புரதம் நீக்கிய மாவுச்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மைதாவில் அந்தப் புரதம் இருப்பதால் பூச்சி தேடி வரும். பூச்சிக்குப் பயந்து நம் புத்தகம் கட்டுகிறவர்கள் மயில்துத்தம் கலப்பதுண்டு; அந்தச் செம்பு உப்பு காகிதத்தை நாளடைவில் அரித்துவிடும் ஆதலால், அப்படிக் கலந்த பசையைப் புகைப்படத்தின் அருகே கொண்டுபோக வேண்டாம். சருகை நேரே படத்தின்மேல் ஒட்டுவதையும் தவிர்க்கவும். அதிலுள்ள அமிலம் அடுத்த பக்கத்திலும் கறை ஏற்றும். அமிலமற்ற தாளை இடையே வைத்து ஒட்டுங்கள். படம் இருக்கும் பக்கத்துக்குக் காகித இலையே போதும்.