பழைய உடற்பயிற்சி சைக்கிள்: மிதித்தால் டைட் வரவில்லையா?



சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் டாக்டர் "தினமும் நடங்கம்மா" என்கிறார். மழை நாளிலும், வேலை முடிந்த ராத்திரியிலும் தெருவில் எங்கே நடப்பது? அதனால் ஒரு ஊரில் ஆறு குழுக்கள் சேர்ந்து, நின்ற இடத்திலேயே மிதிக்கும் பழைய உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை 4,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். கைப்பிடிக் கம்பத்தைக் கழற்றி, குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவந்து, கட்டிடத்தில் திரும்ப மாட்டினார்கள். அன்றைக்கே தகராறு. குமிழை 1-லிருந்து 8 வரை திருப்பியும், காற்றை மிதிப்பது போலப் பெடல் சும்மா சுற்றியது. பார்க்க வந்தவர், "உள்ளே காந்தம் போச்சு, 1,800 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் ஒரே சத்தம். "சந்தாப் பணத்தை இரும்புக் கடையில போட்டுட்டியேக்கா" என்று ஒருவர் கேட்டதும், வாங்கச் சொன்ன பிரதிநிதி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் போனபோது முதலில் செய்த காரியம், மீட்டரில் புது செல் போட்டது. அதில் ஒரு பலனும் இல்லை. குமிழ் வைத்த வண்டியில் மீட்டர் வேறு, டைட் வேறு. செல் தீர்ந்தால் எண்தான் தெரியாது. (கரண்டில் பிளக் போட்டு, பட்டனை அழுத்தி டைட் மாற்றும் வண்டி வேறு வகை. அதற்கு முதலில் பிளக்கையும் அடாப்டரையும் பாருங்கள்.)

டைட் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெடல் சுற்றும்போது உள்ளே ஒரு கனமான சக்கரம் பெல்ட்டிலோ செயினிலோ சுற்றும். அதைப் பிடித்து இழுத்தால்தான் நமக்குக் கனம் தெரியும். பழைய வண்டிகளில் சக்கரத்தைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும். அல்லது நம் தெரு சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு கட்டை வந்து உரசும். காந்த வண்டியில் எதுவும் உரசாது. காந்தம் சக்கரத்தின் கிட்டே நகர்ந்து வரும், அவ்வளவுதான். காந்தத்தின் பக்கத்தில் உலோகச் சக்கரம் ஓடும்போது அதற்குள் சிறிய மின்னோட்டம் உண்டாகி, ஓட்டத்தை எதிர்த்து இழுக்கிறது. வேகமாக மிதித்தால் இழுப்பு கூடும், மெதுவாக மிதித்தால் குறையும். ஆகவே கையால் மெல்லச் சுற்றிப் பார்த்துவிட்டு "காந்தம் போச்சு" என்று யாரும் சொல்லக்கூடாது. இந்தக் காந்தம் சும்மா கிடந்து பலம் இழப்பதும் அபூர்வம்.

பெரும்பாலும் கோளாறு குமிழிலிருந்து கீழே போகிற ஒயரில்தான் இருக்கும். பல வண்டிகளில் இது ஒரே ஒயர் அல்ல. மேல் ஒயரும் கீழ் ஒயரும் கம்பத்துக்குள் ஒரு கொக்கியில் சேரும். வண்டியை ஏற்றி இறக்கக் கம்பத்தைக் கழற்றும்போது அந்தக் கொக்கி கழன்றுவிடும். மாட்டுகிறவர் போல்ட்டை மட்டும் முடுக்கிவிட்டுப் போய்விடுவார். குமிழைத் திருப்பும்போது கைக்கு ஒரு கனமும் தெரியாமல் லொடலொடவென்று சுற்றினால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அங்கே நடந்ததும் இதுதான். போல்ட்டைக் கழற்றி, ஒருவர் கம்பத்தைத் தூக்கிப் பிடிக்க, குமிழை 1-ல் வைத்தோம். அப்போதுதான் ஒயர் தளர்ந்து கைக்கு வரும். கீழ் ஒயரைக் கொக்கியில் கோத்து, அதன் முனையைத் தகட்டின் பள்ளத்தில் உட்கார வைத்தோம். ஒயர் நசுங்காமல் கம்பத்தை இறக்கி முடுக்கினோம். 8-ல் வைத்து மிதித்த அக்கா, "அடியே, நகரவே மாட்டேங்குது!" என்றார். செலவு, நாங்கள் தேவையில்லாமல் வாங்கிய செல் மட்டுமே.

ஒயர் சரியாக இருந்தும் டைட் இல்லையென்றால் பக்க மூடியைத் திறந்து பாருங்கள். பெடல் சுற்றுகிறது, சக்கரம் கூடவே ஓடாமல் தயங்குகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது. பட்டையோ கட்டையோ தேய்ந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டுவிடாதீர்கள். இருக்கிற பிடிப்பும் போய்விடும். அதற்கு மாறாக 1-லேயே இறுக்கமாக இருந்தால், ஒயர் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம், கட்டை சக்கரத்தை விட்டு விலகாமல் இருக்கலாம், பேரிங்கும் கெட்டிருக்கலாம். பேரிங் என்றால் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

மிதிக்கும்போது டக் டக் என்று கேட்டால் அது டைட் கோளாறு அல்ல, பெடல் லூஸாக இருக்கும். இடது பெடலின் மரை தலைகீழ். இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். இது தெரியாமல் பலம் போட்டால் மரையே போய்விடும்.

மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு யாரும் மிதிக்க வேண்டாம். சேலைத் தலைப்பும் குழந்தைகள் விரலும் உள்ளே போய்விடும். சில வண்டிகளில் கால் எடுத்த பிறகும் சக்கரத்தோடு பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நின்ற பிறகே இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் 1-லேயே தொடங்கலாம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

இனி வாங்கப் போகும் குழுக்கள், கடையிலேயே ஏறி உட்கார்ந்து, 1-லும் 8-லும் ஐந்து நிமிடம் வேகமாக மிதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கம்பத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, ஒயர் எங்கே சேர்கிறது என்று பார்த்து வையுங்கள். அந்த ஊரில் இப்போது ஸ்பேனர் பிரதிநிதி அக்காவிடம்தான் இருக்கிறது. தீர்மான நோட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள்.