பாடம் 7: நகமும் நலமும்

வடமாலபேட்டை வயல்களில் நாற்று நடுவோர் நெடுநேரம் சேற்றில் நிற்பர். ஈரம் உலராத கால்விரல் நகங்களில் பூஞ்சை எளிதில் குடிபுகும். நகம் மஞ்சளாகித் தடித்து நொறுங்கும். வலி இல்லாமையால் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நீரிழிவு உள்ளோர்க்கோ அது காற்புண்ணுக்கு வழியாகலாம்.

தடித்த நகங்கள் யாவும் பூஞ்சையால் வருவன அல்ல. அடிபட்டாலும், காளாஞ்சகப்படையாலும் நகம் தடிக்கும். ஆதலால் நகத் துணுக்கை நுண்ணோக்கியில் ஆய்ந்த பின்னரே மருந்து தொடங்குதல் நன்று. திருப்பதி ருயா அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவை அணுகலாம்.

தொற்று நுனியளவில் இருப்பின் அமோரோல்ஃபின் போன்ற நகப்பூச்சு மருந்து உதவும். ஆழமாகப் பரவியிருப்பின் பெரும்பாலும் டெர்பினாஃபின் மாத்திரை தருவர்: கைவிரல் நகத்திற்கு 6 வாரம், கால்விரல் நகத்திற்கு 12 வாரம். அம்மாத்திரை சிலருக்குக் கல்லீரலைத் தாக்கக்கூடும். ஆகவே மருத்துவர் சொற்படியே உண்ணவேண்டும். பூஞ்சை மடிந்த பின்னும், கால்நகம் முழுதும் புதிதாய் வளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதை அறியாமல் "பயனில்லை" என்று இடையில் நிறுத்துவது பிழை.

மாணவர்களே! வீட்டில் மூத்தோர் காலை மறைத்துக்கொண்டால் அன்புடன் கேட்டறியுங்கள். மருந்துச்சீட்டில் ஆங்கிலத்தில் உள்ளதை அவர்களுக்குத் தமிழில் எடுத்துரையுங்கள். நீங்கள் கற்கும் தமிழ் அங்கே பயன்படும்.

அருஞ்சொற்பொருள்
துணுக்கு – சிறு துண்டு
காளாஞ்சகப்படை – சொரியாசிஸ் என்னும் தோல்நோய்
மடிதல் – இறத்தல்

வினாக்கள்
1. மருந்துக்கு முன் நகத்தை ஆய்வது ஏன்?
2. மாத்திரையை இடையில் நிறுத்த எண்ணும் பாட்டிக்கு நீ கூறுவது யாது? ஐந்து வரிகளில் எழுதுக.