மூணு பேர் இருந்தும் தோற்றது எப்படி? – சைக்கிள் பந்தயத்தில் ஒரு கர்ம யோகப் பாடம்



2025 ஏப்ரல் 2, புதன்கிழமை இரவு. பெல்ஜியத்தில் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்தை நாங்கள் நாலு பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்தயம் முடிந்த மறு நிமிடமே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி வந்தது: “என்னடா இது, மூணு பேர் இருந்தும் தோத்துட்டானுங்களே!”

அன்று ஆரம்பித்த வாக்குவாதம் ஒரு வாரம் ஓடியது. “வியூகம் தப்பு” என்றான் ஒருவன். “வியூகம் இல்லடா, ஆசை” என்றான் இன்னொருவன். யோசித்துப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கர்ம யோகம் பற்றி நாம் பேசுவதும் இதே கேள்விதான். அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டேன். சைக்கிள் பந்தயமே பார்த்ததில்லை என்றாலும் பரவாயில்லை, முதலிலிருந்து சொல்கிறேன்.

1. காற்றுதான் முதல் எதிரி

சாலைச் சைக்கிள் பந்தயக் காலம் ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொடங்கும். பிப்ரவரி கடைசியில் பெல்ஜியம், மார்ச்சில் பிரான்சும் இத்தாலியும், ஏப்ரல் முதல் வாரம் மறுபடி பெல்ஜியம் என்று பெரிய பந்தயங்கள் அடுத்தடுத்து வரும். நம் நாட்டில் 1996-இல் தொடங்கிய ‘லே தூர் டி லங்காவி’யும் பல வருடங்கள் இந்தத் தொடக்கக் காலத்தில்தான் நடந்தது. கெந்திங் மலை ஏற்றத்தைப் பார்க்கச் சாலையோரம் நின்றவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

பெரிய ஒருநாள் பந்தயத்தில் ஓர் அணிக்கு 7 பேர். ஆனால் முதலிடம் ஒருவருக்குத்தான். அப்படியானால் மற்ற ஆறு பேர் எதற்கு?

பதில் காற்றில் இருக்கிறது. சமதளத்தில் வேகமாக ஓட்டும்போது நம் சக்தியில் பெரும் பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். காற்றுத் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். அதைச் சமாளிக்கத் தேவையான திறனோ மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகிறவர் 45 கி.மீ.க்குக் கூட்டினால், வேகம் 1.25 மடங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் காற்றுக்காகக் கொடுக்கும் திறன் 1.25 × 1.25 × 1.25, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இன்னொருவர் பின்னால் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் அந்தத் தடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெருங்கூட்டத்தின் நடுவில் போனால் இன்னும் லாபம். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018-இல் 121 ஓட்டுநர்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்தார்கள். நன்கு உள்ளே மறைந்திருப்பவருக்கு, தனியாக ஓட்டும்போது இருக்கும் தடையில் வெறும் 5 முதல் 10 விழுக்காடுதான்.

ஆக, யாரோ ஒருவர் முன்னால் நின்று காற்றை வாங்கினால்தான் இன்னொருவர் கடைசி வரை சக்தியைச் சேமிக்க முடியும்.

2. பணியாள் என்ற பெயர்

அப்படி முன்னால் நிற்பவரை இந்த விளையாட்டில் ‘டொமெஸ்தீக்’ என்பார்கள். பிரெஞ்சு மொழியில் வீட்டுப் பணியாள் என்று பொருள். அணிக் காரிடம் பின்தங்கிப் போய்த் தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுப்பார். தலைவரின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார். மணிக்கணக்கில் காற்றை வாங்குவார். கடைசியில் களைத்துப் பின்வாங்கும்போது கேமரா அவரைக் காட்டாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ‘பலனை எதிர்பாராமல் வேலை செய்’ என்று சொன்னால், நம்மில் பலர் ‘ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன’ என்று அர்த்தம் செய்துகொள்கிறோம். டொமெஸ்தீக் அப்படி ஓட்டுவதில்லை. வெற்றிக்காகத்தான் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார். அந்த வெற்றி தன் பேரில் எழுதப்பட வேண்டும் என்பதை மட்டும்தான் விட்டுவிடுகிறார். வேலையில் முழு முனைப்பு, பலனில் ‘என்னுது’ என்ற உரிமை இல்லை. கீதையின் 3-ஆம் அத்தியாயத்துக்குக் கர்ம யோகம் என்றே பெயர். அங்கே வரும் ‘லோக சங்கிரகம்’ என்ற சொல்லை, எல்லாரையும் சேர்த்துக் காக்கும் பொருட்டுச் செய்யும் வேலை என்று புரிந்துகொள்ளலாம்.

பெரிய நட்சத்திரங்களும் இதைச் செய்ததுண்டு. 2024 மார்ச்சில் நடந்த மிலான்–சான் ரேமோ 288 கி.மீ. பந்தயம். மாத்யூ வான் டெர் பூல் அதன் முந்தைய ஆண்டு வெற்றியாளர். உடம்பில் உலகச் சாம்பியனின் வானவில் சட்டை. கடைசி ஏற்றமான போஜியோவில் ததேய் போகாச்சார் பாய்ந்தபோது கூடவே ஒட்டிக்கொண்டார். ஆனால் இறக்கத்துக்குப் பிறகு, தன் அணியைச் சேர்ந்த வேக ஓட்டுநர் யாஸ்பர் பிலிப்சனும் அந்த முன்னணிக் கூட்டத்தில் இருந்தார். அப்புறம் வான் டெர் பூல் செய்தது என்ன? தப்பி ஓட முயன்றவர்களைத் துரத்திப் பிடித்தார், பிலிப்சனுக்காகக் காற்றை வாங்கினார். பிலிப்சன் மயிரிழையில் வென்றார்.

3. மூன்றுக்கு ஒன்று

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். பந்தயத்தின் பெயர் த்வார்ஸ் டோர் ஃபிளாண்டரன், முடிவு வாரெகெம் ஊரில். முடிவுக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கும்போதே நான்கு பேர் முன்னால் பிரிந்து போனார்கள். அதில் மூன்று பேர் ஒரே அணி, விஸ்மா: வௌட் வான் ஆர்ட், டீஷ் பெனோட், மாத்தியோ ஜோர்கென்சன். நான்காமவர் வேறு அணியைச் சேர்ந்த அமெரிக்கர் நீல்சன் பவ்லெஸ், தன்னந்தனியாக.

மூன்று பேர் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அரிச்சுவடி. மாறி மாறித் தாக்க வேண்டும். முதலாமவர் பாய்ந்தால் பவ்லெஸ்தான் துரத்தியாக வேண்டும். மற்ற இரண்டு பேரும் அவர் பின்னால் சும்மா உட்கார்ந்து வருவார்கள். அவர் மூச்சு வாங்கிப் பிடித்ததும் இரண்டாமவர் பாய்வார். பிறகு மூன்றாமவர். மூன்று தாக்குதலுக்கு அப்புறம் விஸ்மாவில் ஒவ்வொருவரும் ஒருமுறைதான் பாய்ந்திருப்பார்கள். பவ்லெஸ் மூன்று முறை துரத்தியிருப்பார். எங்கோ ஓரிடத்தில் அவர் கால் தளரும், யாராவது ஒருவர் தனியே போய்விடுவார்.

ஆனால் நான்கு பேரும் கூட்டாகவே கோடு வரை போனால்? கடைசி 200 மீட்டரில் மூன்று பேர் என்ற பலம் காணாமல் போய்விடும். ஒருவருக்கு ஒருவர் என்ற சாதாரண ஓட்டமாகிவிடும். அன்று விஸ்மா இதைத்தான் தேர்ந்தெடுத்தது. பெனோட்டும் ஜோர்கென்சனும் வான் ஆர்ட்டுக்காக உழைத்தார்கள். இத்தனைக்கும் ஜோர்கென்சன் முந்தைய வருடம் இதே பந்தயத்தை வென்றவர், சில வாரங்களுக்கு முன்தான் பாரிஸ்–நீஸ் பந்தயத்தையும் வென்றிருந்தார். கடைசி ஓட்டத்தில் பவ்லெஸ் வான் ஆர்ட்டை முந்திவிட்டார்.

4. ஏன் அப்படிச் செய்தார்?

பந்தயம் முடிந்ததும் வான் ஆர்ட் ஒளிந்துகொள்ளவில்லை. கடைசி ஓட்டத்துக்குக் காத்திருப்போம் என்று கேட்டது தான்தான், தன் வெற்றியை நினைத்துச் சுயநலமாக நடந்துவிட்டேன், பழி என்னுடையது என்ற பொருளில் செய்தியாளர்களிடம் சொன்னார்.

எங்கள் குழுவில் சூடு ஏறியது இங்கேதான். “சுயநலக்காரன்” என்று ஒருவன் எழுதிவிட்டான். ஆனால் இதே வான் ஆர்ட், 2023 கெண்ட்–வேவெல்கெம் பந்தயத்தில் அணித் தோழர் கிறிஸ்டோஃப் லாபோர்ட்டோடு முன்னால் வந்து, கோட்டை லாபோர்ட் முதலில் தாண்ட விட்டவர். 2024-இல் இதே த்வார்ஸ் பந்தயத்தில் மோசமாக விழுந்து எலும்பு முறிந்தவர். திரும்பி வந்து அதே சாலையில் ஒரு வெற்றி வேண்டும் என்று மனசு ஏங்கியிருந்தால், அது எனக்குப் புரிகிறது.

அப்படியானால் பாடம் ‘சுயநலக்காரன் தோற்பான்’ என்பதல்ல. கொடுக்கத் தெரிந்த மனிதருக்கே ஒரு நாள் பலன் மேல் கண் போய்விடுகிறது. கண் அங்கே போனதும், அரிச்சுவடி தெரிந்தவருக்கே கையிலிருக்கும் வேலை சரியாகத் தெரியாமல் போகிறது. பலன் மேல் ஆசை வைப்பது ஏதோ பாவம் என்பதற்காக மட்டும் பெரியவர்கள் நம்மைத் தடுக்கவில்லை. அது வேலையையே கெடுக்கும் என்பதற்காகவும்தான்.

5. சரியாகச் செய்தாலும் தோற்கலாம்

“அப்படின்னா மாறி மாறித் தாக்கியிருந்தா கண்டிப்பா ஜெயிச்சிருப்பாங்களா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 2015 ஓம்லூப் ஹெட் நியூஸ்பிளாட் பந்தயத்தைப் பாருங்கள். அதுவும் பெல்ஜியம்தான், பிப்ரவரி கடைசி. அங்கேயும் குவிக்-ஸ்டெப் அணியில் மூன்று பேர்: டாம் போனன், நிக்கி டெர்ப்ஸ்ட்ரா, ஸ்டைன் வாண்டன்பெர்க். எதிரில் இங்கிலாந்தின் இயன் ஸ்டானார்டு ஒருவர். போனன் தாக்கினார், ஸ்டானார்டு பிடித்தார். டெர்ப்ஸ்ட்ரா தாக்கினார், அவரையும் பிடித்தார். அதோடு நிற்காமல் தானே திருப்பித் தாக்கி, கடைசியில் டெர்ப்ஸ்ட்ராவையும் முந்தி வென்றார்!

இரண்டு பந்தயத்திலும் மூன்று பேர், இரண்டிலும் தோல்வி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2015-இல் மூவரும் தங்கள் பலத்தைப் பயன்படுத்தப் பார்த்தார்கள். எதிரில் இருந்தவர் அன்று அதைவிடப் பலமாக இருந்தார். 2025-இல் அந்தப் பலம் பயன்படுத்தப்படவே இல்லை. முடிவு நம் கையில் இல்லை. அதற்கு முந்தின 10 கிலோமீட்டரில் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

6. தண்ணீர்ப் பந்தலில் ஒரு கதை

இதை எழுதும்போது ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தைப்பூசத்தில் எங்கள் தண்ணீர்ப் பந்தலில் எனக்குப் பின்னால் வேலை. ஐஸ் உடைத்துத் தோம்பில் போட வேண்டும், தண்ணீர் குறையக் குறைய நிரப்ப வேண்டும். முக்கியப் பிரமுகர் ஒருவர் வருகிறார், படம் எடுக்கிறார்கள் என்றதும் நான் முன்னால் போய் நின்றுகொண்டு கோப்பை நீட்ட ஆரம்பித்துவிட்டேன். பின்னால் ஒரு தம்பி மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் தோம்பு காலி. காவடி எடுத்தவர்களின் குடும்பத்தார் வெயிலில் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பொறுப்பாளர் அக்கா கேட்டபோது, “ஐஸ் தீர்ந்துபோச்சுக்கா” என்று மட்டும் சொன்னேன். ஏன் தீர்ந்தது என்று சொல்லவில்லை.

வான் ஆர்ட் உலகமே பார்க்கும் கேமராவுக்கு முன்னால் ‘என் தப்பு’ என்றார். நான் நாலு பேர் முன்னால் சொல்லவில்லை. இந்தப் பாடத்தைத் தயாரிக்கும்போது அந்தத் தம்பிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “தெரியும்ணே,” என்றான். “அடுத்த வருசம் பின்னாடியே நிக்கிறீங்களா?” நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கும் இந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன்.

கிளையில் கலந்துபேச

1. உங்கள் கிளையில் ‘காற்றை வாங்குகிறவர்’ யார்? கடைசியாக அவருக்கு எப்போது நன்றி சொன்னீர்கள்? அவரே எப்போதும் முன்னால் நிற்பது நியாயமா? முறை மாற்றி நிற்க என்ன செய்யலாம்?

2. பெனோட், ஜோர்கென்சன் இடத்தில் நீங்கள் இருந்தால், தலைவர் கேட்டபடி உழைத்திருப்பீர்களா, அல்லது ‘அண்ணே, இது சரியில்லை’ என்று சொல்லியிருப்பீர்களா? சொல்வது பணிவுக்கு எதிரானதா?

3. பலன் மேல் கண் போனதால் கெட்டுப்போன உங்கள் வேலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய ஒருவருக்குச் சொன்னால் போதும்.

செய்து பாருங்கள்: அடுத்த நிகழ்ச்சியில் உங்கள் பெயர் அறிவிக்கப்படாத ஒரு வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். நாற்காலி அடுக்குவதோ பாத்திரம் கழுவுவதோ, எதுவானாலும் சரி. அதை உங்கள் பெயர் அறிவிக்கப்படுவதுபோல் சுத்தமாகச் செய்யுங்கள். அடுத்த வகுப்பில் அனுபவத்தைப் பேசுவோம்.