பழைய விளையாட்டும் பழைய வாடிக்கையாளரும்

உங்கள் கடையில் பத்து வருடங்களுக்கு மேலாகத் தொடர்ந்து கொள்வனவு செய்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் சாமானின் தரம் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள், பக்கத்துக் கடை விலையை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

இந்த இரண்டாவது வகையினரைக் கண்டால் எம்மில் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. கேள்வி கேட்பார்கள், பேரம் பேசுவார்கள், சிறு குறையையும் சுட்டிக் காட்டுவார்கள். ஆனால் என் அனுபவத்தில், ஒரு கடையில் நிலைத்துவிட்டால் மிக நீண்ட காலம் நிற்பவர்களும் இவர்கள்தான். அப்படியானால் இவர்களைப் பிடித்து வைப்பது எது? விலைக்கழிவா? கடனா? பெருநாள் அன்பளிப்பா?

இக்கேள்விக்கு விடை தேட, இவ்வாரம் வழமைக்கு மாறான ஓர் இடத்துக்குச் செல்வோம். அது கணினி விளையாட்டுச் சந்தை. சிலர் முகம் சுளிக்கலாம். எனினும் வியாபாரக் கண்ணோடு பாருங்கள். அங்கே வாடிக்கையாளரைக் கட்டிப்போடக் கடன் கொப்பி இல்லை, உறவுமுறை இல்லை, வீட்டுக்கு அருகிலுள்ள கடை என்ற வசதியும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் வேறு விளையாட்டுக்குப் போய்விடலாம். அப்படிப்பட்ட சந்தையில், 1998 இல் வெளிவந்த ஒரு விளையாட்டை இன்றும் திறமைசாலிகள் போட்டியாக ஆடுகிறார்கள் என்றால், அதில் எமக்கு ஒரு பாடம் இருக்கத்தான் வேண்டும்.

விளையாட்டின் கதை

அதன் பெயர் ஸ்டார்கிராப்ட். அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 1998 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் புரூட் வார் என்ற விரிவாக்கமும் வந்தது. வளங்களைத் திரட்டி, படையைக் கட்டி, எதிராளியைத் திட்டமிட்டு வெல்லும் ஆட்டம் இது. உலகெங்கும் ஒரு கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. அதில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவை தென்கொரியாவில் மட்டும் விற்பனையாகின.

தென்கொரியாவில் அப்போது நிலைமை என்ன? 1997 இன் இறுதியில் நாடு கடும் நிதி நெருக்கடியில் விழுந்தது. வேலையிழந்த பலர் சிறு முதலோடு, மணிக்கணக்கில் கட்டணம் அறவிடும் கணினி நிலையங்களைத் திறந்தனர். அங்கு வந்த இளைஞர்கள் இவ்விளையாட்டில் போட்டி போட்டனர். 2000 ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சங்கம் உருவானது. தொலைக்காட்சி அலைவரிசைகள் போட்டிகளை ஒளிபரப்பின. சாம்சங், எஸ்.கே. டெலிகொம் போன்ற பெரும் கம்பனிகள் சம்பளம் கொடுத்து அணிகளை நடத்தின. ஒரு சாதாரண விளையாட்டு பலருக்குத் தொழிலானது.

தராசில் கை வைக்கவில்லை

இவ்விளையாட்டில் மூன்று இனங்கள் உள்ளன. ஒன்றின் படை மலிவு, ஆனால் எண்ணிக்கை அதிகம். இன்னொன்றின் படை விலை கூடியது, ஆனால் பலமானது. மூன்றாவது, தற்காத்து நின்று மெதுவாக முன்னேறுவது. மூன்றும் மூன்று விதம். ஆயினும் திறமை சமமாக இருந்தால் யாரும் யாரையும் வெல்லலாம்.

இந்தச் சமநிலை ஒரே நாளில் வந்ததல்ல. வெளியீட்டுக்குப் பின்னர் நிறுவனம் பலமுறை அளவுகளைத் திருத்தியது. 2001 இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதில் கை வைக்கவில்லை. ஒரு படையின் விலை, பலம், வேகம் எல்லாம் அன்றிருந்தபடியே நின்றன.

அப்படியென்றால் ஆட்டக்காரர்களுக்குச் சலிக்கவில்லையா? இங்குதான் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. மாறாதது விதிதான். ஆடுகளம் மாறிக்கொண்டே இருந்தது. கொரியப் போட்டி ஏற்பாட்டாளர்கள் பருவத்துக்குப் பருவம் புதிய வரைபடங்களைக் கொண்டுவந்தனர். வளங்கள் இருக்கும் இடம், நுழைவாயிலின் அகலம், இரு தரப்புக்கும் இடையிலான தூரம் ஆகியவற்றை மாற்றினர். ஒரு வரைபடத்தில் ஓர் இனத்துக்கு அநியாயமான சாதகம் தெரிந்தால் அதனைத் திருத்தினர் அல்லது நீக்கினர். தராசு அதேதான். தட்டில் வைக்கும் சாமான் மட்டும் புதிது.

எமது கடைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. அலுமாரியில் பத்து வருடமாக அதே அடுக்கு. ஆனால் விலை ஆளுக்கு ஆள் மாறுகிறது, திருப்பியெடுக்கும் நிபந்தனை முதலாளியின் மனநிலையைப் பொறுத்து மாறுகிறது. மாற வேண்டியது மாறாமலும், மாறக்கூடாதது மாறியும் இருக்கின்றது.

ஏன் தோற்றேன் என்று தெரிய வேண்டும்

இந்தப் பழைய விளையாட்டை ஆடும் என் சகோதரியின் மகனிடம் ஒருமுறை, "புதுசா ஒண்டு வாங்கித் தரட்டா?" என்று கேட்டேன். "வேணாம் மாமா. இதுல தோத்தா ஏன் தோத்தேண்டு எனக்கு வெளங்குது" என்றார்.

அந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். திறமையுள்ளவன் தோல்விக்கு அஞ்சுவதில்லை. காரணம் தெரியாத தோல்விதான் அவனை விரட்டுகிறது. விபரம் தெரிந்த வாடிக்கையாளரும் அவ்வாறே. விலை கூடியதற்காக மட்டும் அவர் போய்விடுவதில்லை. ஏன் கூடியது என்று தெரியாதபோதுதான் போய்விடுகிறார். டொலர் ஏறியதா, தீர்வை கூடியதா, வரத்துக் குறைவா என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டால் அவர் கணக்குப் போட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்வார்.

எனக்குப் பொதி செய்த பலசரக்குப் பொருட்கள் தந்த ஒரு விநியோகஸ்தர், உறையையும் விலையையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கிலோவை 900 கிராமாகக் குறைத்தார். விலையைக் கூட்டியிருந்தால் நான் தொடர்ந்து எடுத்திருப்பேன். சொல்லாமல் நிறையைக் குறைத்ததால், அடுத்த முறை வேறொருவரிடம் கட்டளை கொடுத்தேன். தொகை பெரிதல்ல. ஆனால் அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு பொதியையும் நிறுத்துப் பார்க்க வேண்டிய வேலை எனக்குச் சேர்ந்துவிட்டது.

அவர் போட்ட முதலீடு

2010 இல் அதே நிறுவனம் ஸ்டார்கிராப்ட் இரண்டாம் பாகத்தை வெளியிட்டது. அழகான படங்கள், இலகுவான கட்டுப்பாடு. கொரியாவின் பெரிய தொலைக்காட்சிப் போட்டிகள் 2012 இல் பழைய விளையாட்டைக் கைவிட்டுப் புதியதுக்கு மாறின. பழைய விளையாட்டின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

முடியவில்லை. ஓய்வு பெற்ற பழைய ஆட்டக்காரர்கள் இணைய ஒளிபரப்பில் அதனைத் தொடர்ந்து ஆடினர். பார்வையாளர்களும் வந்தனர். 2016 இல் அப்பிரீக்கா என்ற ஒளிபரப்பு நிறுவனம் புதிய போட்டித் தொடரை ஆரம்பித்தது. இரண்டாம் பாகத்துக்கு மாறி ஆடிவிட்டு ஓய்வு பெற்றிருந்த லீ யங்-ஹோ என்ற புகழ்பெற்ற வீரர் பழையதற்கே திரும்பி வந்து, அத்தொடரின் மூன்று பருவங்களை அடுத்தடுத்து வென்றார். 2025 ஆம் ஆண்டிலும் அத்தொடரின் பருவங்கள் நடைபெற்றன.

ஏன் இப்படி? ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் நிமிடத்துக்கு முந்நூறுக்கும் அதிகமான கட்டளைகளைக் கொடுக்கிறார். அந்த வேகம் விரலில் ஊற வருடங்கள் தேவை. அவ்விளையாட்டை வாங்க அவர் கொடுத்த பணம் சிறிது. அதில் அவர் போட்ட உழைப்போ மிகப் பெரிது. புதியது எவ்வளவு நன்றாக இருந்தாலும், அங்கே அந்த உழைப்பின் ஒரு பகுதி பெறுமதியற்றுப் போகிறது. எனவே அவருடைய விசுவாசம் நிறுவனத்தின் மீதானது அல்ல. தான் சேர்த்து வைத்த திறமையின் மீதானது. அத்திறமைக்கு மதிப்புக் கிடைக்கும் இடத்திலேயே அவர் நிற்கிறார்.

உங்கள் பழைய வாடிக்கையாளரும் உங்களிடம் ஒரு முதலீடு செய்திருக்கிறார். எந்தச் சாமானை எங்கே வைத்திருக்கிறீர்கள், எந்த ரகம் நின்று பிடிக்கும், எந்த நாளில் புதுச் சரக்கு வரும், உங்கள் வார்த்தையை எவ்வளவு நம்பலாம் என்பதை வருடக்கணக்கில் படித்திருக்கிறார். அந்தப் படிப்பு உங்கள் கடையில் மட்டுமே செல்லுபடியாகும். அது அவர் உங்களிடம் வைத்த அமானிதம்.

ஒரே கம்பனி, இரண்டு வழிகள்

இதனை மதித்தால் என்ன நடக்கும், மதிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை அதே நிறுவனமே எமக்குக் காட்டியிருக்கிறது.

2017 இல் அது பழைய ஸ்டார்கிராப்டைப் புதுப்பித்தது. முதலில் ஏப்ரலில் மூல விளையாட்டை இலவசமாக்கியது. பின்னர் ஆகஸ்டில், படங்களையும் ஒலியையும் மெருகேற்றிய பதிப்பை விற்பனைக்கு விட்டது. ஆட்டத்தின் உள்ளே எதையும் மாற்றவில்லை. ஒரே தடவையில் 12 படைகளுக்கு மேல் தெரிவு செய்ய முடியாது என்ற பழைய கட்டுப்பாட்டையும் நீக்கவில்லை. வெளியார் அதைக் குறை என்பார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் திறமை வளர்த்தவர்களுக்கோ அதுவே ஆட்டம். பணம் கொடுத்துப் புதியதை வாங்கியவரும், வாங்காமல் இலவசப் பதிப்பில் இருந்தவரும் ஒன்றாக ஆட முடிந்தது. வாசல் புதியவருக்கு அகலமானது, உள்ளே பழையவரின் இடம் அப்படியே இருந்தது.

2020 ஜனவரியில் அதே நிறுவனம், 2002 இல் வெளியிட்ட வார்கிராப்ட் மூன்றாம் பாகத்தைப் புதுப்பித்தது. இம்முறை முன்னர் காட்டிய காட்சிகள் பல முடிவில் வரவில்லை. தரவரிசை, குழுக்கள் போன்ற பழைய வசதிகள் காணாமல் போயின. புதியதை வாங்காத பழைய ஆட்டக்காரர்களும் இணையத்தில் ஆட வேண்டுமானால் மாற்றப்பட்ட மென்பொருளையே பயன்படுத்த நேர்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தரவரிசை வசதி 2022 இலேயே திரும்பி வந்தது. அதற்குள் ரசிகர்கள் தாமாகவே ஒரு தரவரிசைத் தளத்தை அமைத்து அங்கு ஆடிக்கொண்டிருந்தனர். முதலாளி கைவிட்ட வேலையை வாடிக்கையாளர்கள் செய்தார்கள். அவர்கள் வெறுத்தது விளையாட்டை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

விசுவாசத்துக்கும் எல்லை உண்டு

மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2010 இல், சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்ற ஆட்டக்காரர்கள் கொரியாவில் பிடிபட்டனர். 11 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. விளையாட்டு நேர்மையானதாகவே இருந்தது. அதைச் சுற்றியிருந்தவர்கள் நேர்மை தவறினர். அந்தக் களங்கம் அத்துறையை நீண்ட காலம் தொடர்ந்தது. முதலாளி நேர்மையாக இருந்து, கல்லாவில் நிற்பவர் மிச்சக் காசில் கை வைத்தால், வாடிக்கையாளருக்குக் கடை ஒன்றுதான்.

அதேபோல், பழையவர்களை மட்டும் நம்பிய வியாபாரம் மெல்லச் சுருங்கும். கொரியாவின் புதிய தலைமுறையில் பெரும்பாலானோர் வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டனர். பழையவரைக் காப்பதும் புதியவருக்கு வாசல் திறப்பதும் இரண்டு வேலைகள். ஒன்றுக்காக மற்றொன்றை விடக்கூடாது.

எமது கடைக்குரிய பாடங்கள்

1. மாறாதவை எவை என்று எழுதி வையுங்கள். நிறை, அளவு, திருப்பியெடுக்கும் நிபந்தனை, தவணை நாள் ஆகியன ஒவ்வொருவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

2. மாற்ற வேண்டியவற்றை அடிக்கடி மாற்றுங்கள். புதிய ரகம், புதிய அடுக்கு, புதிய காட்சிப்படுத்தல் ஆகியவற்றில் தயங்க வேண்டாம்.

3. விலை கூடினால் காரணத்தை முதலில் நீங்களே சொல்லுங்கள். அவர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

4. புதிய முறையொன்றைக் கொண்டுவந்தால் பழையதைச் சில காலம் பக்கத்தில் வைத்திருங்கள். அவர் தானாக மாறட்டும்.

5. விபரம் தெரிந்த வாடிக்கையாளரின் குறையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறை சொல்பவர் இன்னும் போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வாரம் ஒரு பயிற்சி. உங்கள் கணக்குக் கொப்பியைத் திறந்து, மிக நீண்ட காலமாக வாங்கும் ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் உங்கள் கடையைப் பற்றிப் படித்து வைத்திருக்கும் ஒரு விடயத்தைக் குறியுங்கள். கடந்த ஒரு வருடத்தில் அந்த விடயத்தை அவருக்குச் சொல்லாமல் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால், அடுத்த முறை அவர் வரும்போது பேச்சை அதிலிருந்தே தொடங்குங்கள்.