காந்தியடிகள் கற்ற ஆங்கிலம்

நுழையும்முன்

பிறமொழி கற்பவர் பலருக்குச் சொற்கள் தெரியும்; இலக்கணமும் ஓரளவு தெரியும். ஆயினும், ஒருவர் எதிரே வந்து பேசும்போது நா எழுவதில்லை. இந்த இடர்ப்பாடு காந்தியடிகளுக்கும் இருந்தது. தாம் ஆங்கிலம் கற்றபோது பட்ட துன்பங்களைச் 'சத்திய சோதனை' என்னும் தன்வரலாற்று நூலில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். அந்நூற்செய்திகளைத் தழுவி அமைந்தது இப்பாடம்.

எழுத்தும் ஒலியும்

காந்தியடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். அவருடைய தாய்மொழி குஜராத்தி. இராஜ்கோட்டையில் உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் அவர் பயின்றபோது, ஜைல்ஸ் என்னும் கல்வி ஆய்வாளர் வகுப்பைப் பார்வையிட வந்தார். ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கூறி, அவற்றை எழுதுமாறு பணித்தார். அவற்றுள் ஒன்று 'கெட்டில்'. நீரைக் கொதிக்க வைக்கும் கலம் என்பது அதன் பொருள். சிறுவர் மோகன்தாஸ் அச்சொல்லைப் பிழையாக எழுதினார்.

அருகிலிருந்த மாணவனின் பலகையைப் பார்த்துத் திருத்திக் கொள்ளுமாறு ஆசிரியர் தம் காலால் குறிப்புக் காட்டினார். பார்த்து எழுதுவதைத் தடுக்கவே ஆசிரியர் நிற்கிறார் என்று எண்ணியிருந்த சிறுவருக்கு அக்குறிப்பு விளங்கவில்லை. அவர் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஐந்து சொற்களையும் சரியாக எழுதியிருந்தனர்.

அவர் செய்த பிழை வியப்புக்குரியது அன்று. ஆங்கிலத்தில் ஒலியை மட்டும் கொண்டு எழுத்தை முடிவு செய்ய இயலாது. 'கெட்டில்' என்னும் சொல்லின் ஈற்றில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து உண்டு. ஆனால் அது ஒலிப்பதில்லை. ஆகவே, ஆங்கிலச் சொல் ஒன்றைக் கற்பவர் அதன் பொருள், ஒலி, எழுத்து வரிசை ஆகிய மூன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நான்காம் வகுப்பு முதல் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. வடிவியல் அவருக்குப் புதிய பாடம்; ஆங்கிலம் அதனை மேலும் கடினமாக்கியது. நான்கு ஆண்டுகளில் தாம் கற்ற கணிதம், வேதியியல், வானியல் முதலியவற்றைத் தாய்மொழியில் ஓராண்டிலேயே கற்றிருக்க இயலும் என்று அவர் 1938ஆம் ஆண்டு 'அரிஜன்' இதழில் எழுதினார். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பது வேறு. பிற பாடங்களையெல்லாம் அதன் வழியாகவே கற்பது வேறு என்னும் கருத்து அவருடைய சொந்தப் பட்டறிவில் பிறந்தது.

கப்பலில் வாய் திறவாத நாட்கள்

சட்டம் பயில்வதற்காகக் காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து இலண்டனுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. கப்பலில் அவருடைய வகுப்பில் மஜ்முதார் என்னும் வழக்கறிஞரைத் தவிர ஏனையோர் ஆங்கிலேயர். அவர்கள் பேசுவது காந்தியடிகளுக்கு விளங்கவில்லை; விளங்கினாலும் மறுமொழி கூற இயலவில்லை. ஒவ்வொரு தொடரையும் மனத்துக்குள் அமைத்துப் பார்த்த பின்னரே அவரால் பேச முடிந்தது.

இத்தடுமாற்றத்துக்கு மொழியமைப்பும் ஒரு காரணமாகும். தமிழைப் போலவே குஜராத்தியிலும் வினைச்சொல் பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினையும், அதன்பின் செயப்படுபொருளும் வரும். 'புலி மானைத் துரத்தியது' என்றாலும் 'மானைப் புலி துரத்தியது' என்றாலும் தமிழில் பொருள் மாறுவதில்லை. 'ஐ' உருபு பொருளைக் காக்கிறது. ஆங்கிலத்தில் அவ்விரு பெயர்களையும் இடம் மாற்றினால் மான் புலியைத் துரத்திவிடும்! இவ்வரிசை பழகும் வரை நாவினும் மனம் முந்தி உழைக்க வேண்டியுள்ளது.

எவ்வுணவில் இறைச்சி கலக்கவில்லை என்று பரிமாறுவோரிடம் கேட்பதற்கும் காந்தியடிகளுக்குத் துணிவு இல்லை. உணவுக் கூடத்துக்கே செல்லாமல், வீட்டிலிருந்து கொண்டு வந்த இனிப்புகளையும் பழங்களையும் அறையில் அமர்ந்து உண்டார். இதனைக் கண்ட மஜ்முதார், வழக்கறிஞராக விரும்புவோர் தயங்காமல் பேசிப் பழக வேண்டும் என்றும், அயல்மொழியில் பிழை நேர்வது இயல்பே என்றும் அறிவுரை கூறினார். அறிவுரை நல்லதுதான், ஆனால் கூச்சம் உடனே நீங்கவில்லை.

இலக்கணம் அறியாத நண்பர்

இலண்டனில் காந்தியடிகள் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழ்களைப் படித்தார். இந்தியாவில் இருந்தவரை அவர் நாளிதழ் படித்ததே இல்லை. அழகுறப் பேசும் கலைக்கென ஓர் ஆசிரியரை அமர்த்தினார். தமக்குத் தேவை வெளிப்பகட்டு அன்று என உணர்ந்து விரைவிலேயே அதனைக் கைவிட்டார்.

அந்நகரில் நாராயண ஹேமசந்திரர் என்னும் குஜராத்தி எழுத்தாளர் அவருக்கு நண்பரானார். அவருக்குக் காந்தியடிகள் ஆங்கிலம் கற்பித்தார். ஹேமசந்திரரோ குதிரையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லை வினையாகவும், ஓடுதலைக் குறிக்கும் வினைச்சொல்லைப் பெயராகவும் கையாண்டார். அதற்காக அவர் சிறிதும் நாணவில்லை. இலக்கணம் இன்றியே வங்கமொழி கற்று, தேவேந்திரநாத தாகூரின் நூல்களைக் குஜராத்தியில் தந்தவர் அவர்.

1889ஆம் ஆண்டு இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முடிவுக்கு வர, கார்டினல் மானிங் துணைநின்றார். அவரை நேரில் கண்டு பாராட்ட ஹேமசந்திரர் விரும்பினார். கடிதம் எழுதி இசைவு பெற்றவர் காந்தியடிகள். ஹேமசந்திரர் குஜராத்தியில் பேச, அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தவரும் அவரே. சொல்ல வேண்டிய கருத்து ஒருவரிடமும், சொல்லும் மொழி மற்றவரிடமும் இருந்தன.

1891ஆம் ஆண்டு தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு விருந்தளித்த காந்தியடிகள், சில தொடர்களே அடங்கிய உரையை முன்னரே எண்ணி வைத்திருந்தார். எழுந்து நின்றதும் முதல் தொடருக்கு மேல் அவரால் பேச இயலவில்லை. வந்தவர்களுக்கு நன்றி கூறி அமர்ந்தார். அவருடைய கூச்சம் பெருமளவு நீங்கியது தென்னாப்பிரிக்காவில்தான். அக்கூச்சமே தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்பித்தது என்று பின்னாளில் அவர் மகிழ்ந்தார்.

மூன்று மாணவர்கள்

1893ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரை அடைந்த காந்தியடிகள், ஆங்கிலம் அறியாத இந்தியர் பலரைக் கண்டார். விரும்புவோர்க்குக் கற்பிக்க முன்வந்தார். முடிதிருத்துபவர் ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறுகடைக்காரர் ஒருவர் என மூவர் இசைந்தனர். தங்கள் இடத்துக்கே வந்து கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த கட்டுப்பாடு. அவர் செல்லும்போது சில வேளைகளில் அவர்கள் தொழிலில் ஈடுபட்டிருப்பார்கள். அவர் பொறுமை இழக்கவில்லை.

ஏறத்தாழ எட்டு மாதங்களில் இருவர் கணக்கு எழுதவும் வணிகக் கடிதம் வரையவும் கற்றனர். முடிதிருத்துபவருக்குத் தம் வாடிக்கையாளரோடு உரையாடும் அளவு ஆங்கிலமே போதுமானதாக இருந்தது. அவரவர் தேவையை அறிந்து காந்தியடிகள் கற்பித்தார். கப்பலில் உணவு கேட்கவும் நாணிய இளைஞர், ஐந்தே ஆண்டுகளில் பிறர் நாணத்தைப் போக்கும் ஆசிரியரானார்.

மொழி கற்பதை அவர் அத்துடன் நிறுத்தவில்லை. நேட்டாலில் வாழ்ந்த தமிழரோடு நெருங்கிப் பழக விரும்பி, 1896ஆம் ஆண்டு தாயகம் திரும்பும் கப்பலில் ஒரு நூலின் துணையால் தமிழ் பயிலத் தொடங்கினார். எந்த மொழியாயினும் இலக்கணம் பிழையைத் திருத்தும். பேசத் துணிபவருக்கே அத்திருத்தம் பயன்படும்.

சொற்பொருள்

இடர்ப்பாடு – துன்பம்
பட்டறிவு – அனுபவம்
மறுமொழி – விடை
நாணுதல் – வெட்கப்படுதல்
இசைவு – ஒப்புதல்

இலக்கணக் குறிப்பு

திறவாத – எதிர்மறைப் பெயரெச்சம்
எழுந்து – வினையெச்சம்
ஓடுதல் – தொழிற்பெயர்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. காந்தியடிகள் பிழையாக எழுதிய ஆங்கிலச் சொல் ________.
2. 'மானை' என்னும் சொல்லில் உள்ள வேற்றுமை உருபு ________.
3. பிரிட்டோரியாவில் காந்தியடிகளிடம் ஆங்கிலம் கற்றவர்கள் ________ பேர்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஆசிரியர் காட்டிய குறிப்பு சிறுவருக்கு ஏன் விளங்கவில்லை?
2. காந்தியடிகள் கப்பலில் அறையிலேயே உண்டது ஏன்?
3. மஜ்முதார் கூறிய அறிவுரை யாது?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. காந்தியடிகளும் ஹேமசந்திரரும் மொழியைக் கையாண்ட முறைகளை ஒப்பிடுக.
2. தமிழ்த் தொடரமைப்புக்கும் ஆங்கிலத் தொடரமைப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.

ஈ. செயல்பாடு

உம் வகுப்பில் வேறு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் 'நலமா?', 'நீர் வேண்டும்', 'நன்றி' ஆகியவற்றை அவர் மொழியில் கேட்டு எழுதுக. அவற்றை அவரிடமே பேசிக் காட்டுக.