276 எங்கே போகிறது?

அன்புள்ள கயல்,

கணக்கில் கண்டுபிடிக்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். ஆயிரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன எண்ணிலேயே இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொள்.

ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டு. வந்த விடைக்கும் அதையே செய். 10-க்கு 1, 2, 5, கூட்டினால் 8. அதற்கு 1, 2, 4; விடை 7. அது பகா எண், எனவே அடுத்தது 1. அத்துடன் முடிந்தது. 6-ஐ எடுத்தால் 1, 2, 3 கூடி மறுபடி 6 வரும். இதை நிறைவெண் என்பார்கள். 220 தருவது 284, 284 தருவது 220, இவை நட்பெண்கள். ஆய்லர் ஏறக்குறைய அறுபது நட்பு ஜோடிகளைப் பட்டியலிட்டவர். அவருக்கும் தப்பியது 1184, 1210 என்ற ஜோடி. 1866-இல் அதைக் கண்டவன் நிக்கோலோ பாகனினி என்ற இத்தாலியப் பையன். அப்போது அவனுக்கு வயது 16, உன்னைவிட இரண்டு வயதுதான் அதிகம்.

1888-இல் கத்தலான் என்ற கணிதர், இப்படிக் கிளம்பும் எந்தத் தொடரும் 1-இலோ நிறைவெண்ணிலோ போய் நின்றுவிடும் என்றார். சுற்றிச் சுற்றி வருவதும் உண்டு என்று 1913-இல் டிக்சன் அதைத் திருத்தினார். 1918-இல் பெல்ஜியத்தின் பூலே ஐந்து எண்களின் வட்டத்தையே காட்டினார்: 12496, 14288, 15472, 14536, 14264, பிறகு மீண்டும் 12496. ஆனால் ஒரு தொடர் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகுமா? இதற்கு இன்றுவரை விடை இல்லை.

ஏன் ஏறுகிறது என்பதை 30 உனக்குக் காட்டும். 30, 42, 54, 66, 78, 90, 144, 259, 45, 33, 15, 9, 4, 3, 1. முதல் ஏழும் 6-இன் மடங்குகள். 6-ஆல் வகுபடும் எண்ணுக்கு அதன் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று மூன்றும் காரணிகள். இவை மட்டுமே கூடி அந்த எண்ணுக்குச் சமமாகிவிடும். 1 முதலான மற்றக் காரணிகளும் சேரும்போது விடை ஏறாமல் என்ன செய்யும்? தனியே இருக்கையில் அசையாத 6, வேறோர் எண்ணுக்குள் புகுந்ததும் அதை மேலே தள்ளுகிறது. எனக்கு இதைவிட அழகான முரண் எண்களில் தெரியாது.

இறக்கத்துக்கு வழி எங்கே திறந்தது என்று பார். 144-இல். அது 12-இன் வர்க்கம். எந்த எண்ணுக்கும், அதையும் சேர்த்து எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக வேண்டுமானால், அந்த எண் ஒரு வர்க்கமாகவோ வர்க்கத்தின் இரு மடங்காகவோ இருக்க வேண்டும். இரட்டைப்படையில் ஓடும் தொடர் ஒற்றைப்படைக்கு மாற வேறு வாசல் கிடையாது. 10-இல் கிளம்பியபோது 8 வந்ததே, அதுவும் 4-இன் இரு மடங்குதான். மாறாத தொடர் 1-ஐ அடையவும் முடியாது; ஏனென்றால் 1 பகா எண்ணிலிருந்துதான் வரும், இரட்டைப்படைப் பகா எண் 2 மட்டுமே, அந்த 2 எந்தக் கூட்டலிலும் விடையாக வராது. எண்கள் பெரிதாகப் பெரிதாக வர்க்கங்கள் அரிதாகிவிடுகின்றன.

138 இந்த வாசலைத் தேடி 179,931,895,322 வரை ஏறியது. லெமர் என்ற கணிதர் அதை விடாமல் தொடர்ந்தார். 177-ஆம் படியில் அது 1 ஆயிற்று.

276-இன் கதை வேறு. 276, 396, 696, 1104, 1872, 3770 என்று சாதுவாகத்தான் கிளம்பும். கணிப்பொறிகள் அதை 2000 படிகளுக்கு மேல் விரட்டியும் ஓயவில்லை. எண்கள் 200 இலக்கங்களைத் தாண்டிவிட்டன. கூட்டுவது எளிது, அவ்வளவு பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஒரு படியைப் பிரித்து முடிக்காமல் அடுத்த படி எதுவென்றே தெரியாது. முடிவு தெரியாத எண்களில் மிகச் சிறியது 276-தான். இரட்டைப்படைத் தொடர்களில் பெரும்பாலானவை முடிவதே இல்லை என்று கை, செல்ஃப்ரிட்ஜ் என்ற இரு கணிதர்கள் கருதினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் தோன்றுவது நிரூபணம் ஆகாது.

முதலில் 95-ஐப் போட்டுப் பார், எங்கே போய் நிற்கிறது என்று. பிறகு 138-ஐக் கையாலேயே இருபது படி கொண்டுபோ. ஒவ்வொரு படியிலும் 6-ஆல் வகுபடுகிறதா என்று பக்கத்தில் குறித்துவை. அந்தத் தாளை அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை